விளம்பரத்தில் பாதி

“இந்த போர்டை அடிச்சது நீங்கதானா மாப்ளே?”

கடை வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபடி அவர் கேட்டார். காரைக்குடியில் ஃபிளெக்ஸ் கடை வைத்திருப்பவனிடம் யாராவது இப்படி ஆரம்பித்தால் சண்டைக்கு வந்திருக்கிறார் என்று அர்த்தம். தலைவர் படத்தைவிட வட்டச் செயலாளர் படம் பெரிதாகிவிட்டதா, காதுகுத்து போர்டில் தாய்மாமன் பெயர் விட்டுப்போயிற்றா என்று மனசு ஒரு சுற்றுப் போய்வரும். நல்லவேளை, அவர் விரல் காட்டியது எதிர்ச்சாரியில் தொங்கிய பிக்கப் வண்டி போர்டை. டீசல் வண்டி ஒன்று கருங்கல் ஏற்றிய டிரெய்லரைப் பின்னால் கட்டிக்கொண்டு மலையேறுகிற படம். அதற்கு மேல் நான் வைத்த கொட்டை எழுத்து: ‘மலையையும் இழுக்கும்!’

“ஆமா மாமா, நம்ம கடையில அடிச்சதுதான்.”

“அப்ப நீங்களே சொல்லுங்க. இழுக்குமா?”

ஷோரூமில் கேட்டாராம். கம்பெனியைக் கேளுங்கள் என்றார்களாம். கம்பெனிக்குப் போன் போட்டால் ஒன்றை அமுக்கு, ரெண்டை அமுக்கு என்று ஒரு பெண் குரல் சொல்லிக்கொண்டே இருந்ததாம். “எழுதுனவுகளுக்குத் தெரியாமலா இருக்கும்னு இங்குட்டு வந்துட்டேன்” என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். நான் கல்யாண போர்டும்தான் அடிக்கிறேன், அதற்காக ‘பதினாறும் பெற்று’ என்பதற்கு நான் பொறுப்பேற்க முடியுமா? அன்றைக்கு எனக்கு எரிச்சல்தான் வந்தது.

கீழச்சிவல்பட்டிக்கும் சிங்கம்புணரிக்கும் நடுவே என் மனைவியின் ஊர். அந்த ஊரில் வயசான ஆண்கள் எல்லாரும் எனக்கு மாமாதான். இவரும் அப்படி ஒரு மாமா. இப்போது புருஷனும் பெண்டாட்டியும் திருப்பூரில் மகள் வீட்டோடு இருப்பதாகக் கேள்வி. நான் பார்த்துச் சில வருடங்கள் ஆகின்றன. ஆனாலும் புதிதாக வண்டி போர்டு ஒன்று வேலைக்கு வந்தால் அந்த மனுஷர் முகம் கணினித் திரைக்கு முன்னால் வந்து நின்றுவிடுகிறது.

அவரிடம் ஒரே ஒரு குணம்தான். யார் எதைச் சொன்னாலும் அதில் பாதியை வெட்டிவிட்டு மீதியைத்தான் எடுத்துக்கொள்வார். டாக்டர் ஒரு மாதத்துக்கு மாத்திரை எழுதினால் பதினைந்து நாளோடு நிறுத்திவிடுவார். “அவர் சொல்றதைச் சொல்வாரு. நாமதான் பாதி கழிச்சுக்கிரணும்.” பலத்த மழை என்று செய்தியில் வந்தால் தூறல் என்று வைத்துக்கொள்வார். மகளுக்கு வரன் வந்தபோது மாப்பிள்ளை பனியன் கம்பெனியில் மேனேஜர் என்றார்கள். சூப்பர்வைசர் என்று நினைத்துக் கட்டிக்கொடுத்தார். போய்ப் பார்த்தால் சூப்பர்வைசர்தான். அதன்பிறகு அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஊரே அவருக்காகப் பேச்சை மாற்றிக்கொண்டுவிட்டது. அவரிடம் ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் ரெட்டிப்பாக்கிச் சொல்ல வேண்டும். தலைவலி என்றால் அசையமாட்டார் என்பதால், அவர் மனைவி, அதாவது எங்கள் அத்தை, “உசுரு போகுதுங்க” என்பார். அப்போதுதான் அவர் தலைவலித் தைலம் வாங்கக் கிளம்புவார். பங்காளி வீட்டில் பெரியவருக்குச் சளிக்காய்ச்சல் வந்ததை, “கண்ணு செருகிருச்சு, ஓடி வாங்க” என்று போனில் சொன்னார்கள். அவரும் பதறாமல் நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுப் போய்ப் பார்த்தார். அவருக்கு அது சளிக்காய்ச்சல் என்று முன்பே தெரியும். இந்தக் கணக்கு இரண்டு பக்கமும் சரியாக ஓடிக்கொண்டிருந்தது.

அன்றைக்குக் கடையில் உட்கார்ந்து அவர் காரணத்தைச் சொன்னார். எரிச்சல் எனக்கு அதோடு போய்விட்டது.

“தோப்பு காயுது மாப்ளே.”

தென்னந்தோப்புதான் அவர்களுக்கு எல்லாம். வேறு நிலமில்லை, வேறு பிழைப்பில்லை. தொடர்ந்து மழை பொய்த்ததில் பழைய போர் வற்றிவிட்டது. டிராக்டரை விற்று இன்னும் ஆழமாக ஒரு போர் போட்டார். புகை மாதிரி கல்தூள்தான் வந்தது. குரும்பை உதிர்கிறது, மட்டை தொங்குகிறது. கண்மாய்க்கு அங்குட்டு ஒரு சிநேகிதருடைய கிணற்றில் மட்டும் ஊற்று இருக்கிறது. வந்து இறைத்துக்கொண்டு போ என்று அவர் சொல்லிவிட்டார். ஆனால் காலையில் ஒரே நடைதான் இறைக்கலாம், அப்புறம் கிணறு ஊற மறுநாள் ஆகும். டிராக்டர் இருந்த காலத்துத் தண்ணி டேங்கர் மட்டும் வீட்டுப் பின்னால் துருப்பிடித்து நிற்கிறது. இரும்புத் தகட்டில் உருளையாக அடித்து இரண்டு டயர் மாட்டிய சாமான். பிக்கப் ஒன்றை எடுத்தால் முதுகில் பிளாஸ்டிக் தொட்டியை ஏற்றி, பின்னால் டேங்கரையும் கட்டி இழுக்கலாம். தண்ணீர் கொண்டுவராத நேரத்தில் தேங்காய் ஏற்றலாம். மறுபடியும் டிராக்டர் எடுத்தால் தேங்காயைத் தூரத்துச் சந்தைக்குக் கொண்டுபோக ஆகாது.

“முதுகில தொட்டி மட்டும் வச்சா பத்தாதா மாமா?”

“பாதித் தோப்புக்குத்தான் வரும்” என்றார்.

அதன்பிறகு வாரத்தில் இரண்டு தரமாவது கடைக்கு வந்துவிடுவார். மூன்று கம்பெனி நோட்டீசையும் மடித்துச் சட்டைப்பையில் வைத்திருப்பார். மேசையில் விரித்துப் போட்டு என்னையும் உட்காரவைத்து ஒப்பிடுவார். சிவப்பு நோட்டீஸ்காரன் எத்தனை டன் ஏற்றலாம் என்று பெரிதாகப் போட்டிருந்தான். நீல நோட்டீஸ்காரன் இன்ஜின் முறுக்குவிசையை நியூட்டன் மீட்டரில் போட்டிருந்தான். அதைப் பார்த்ததும் அவர், “இது எந்த ஊர்ப் படி?” என்று கேட்டார். வெள்ளை நோட்டீசில் எண்ணே கிடையாது. ஒரு நடிகர் வண்டிமேல் கைவைத்துக்கொண்டு நின்றார், பின்னால் ஒரு லாரியைக் கயிறு கட்டி அந்த வண்டி இழுத்துக்கொண்டிருந்தது.

ஒருவாரம் புரட்டியதில் எனக்கும் ஒன்று புரிந்தது. முதுகில் எவ்வளவு ஏற்றலாம் என்று கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு சொல்கின்றன. பின்னால் கட்டி எவ்வளவு இழுக்கலாம் என்று ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் மூன்று படத்திலும் வண்டி எதையோ இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது. படத்தின் ஓரத்தில் எறும்பு மாதிரி ஒரு நட்சத்திரக் குறி. அடியில், ‘படம் விளக்கத்துக்கு மட்டுமே’ என்று இருந்தது. அந்த எழுத்தை எவ்வளவு சின்னதாக்க முடியுமோ அவ்வளவு சின்னதாக்கச் சொல்லித்தான் எங்களுக்கு ஆர்டரே வரும்.

சிங்கம்புணரியில் திடலில் பந்தல் போட்டு வண்டி மேளா நடந்தது. என்னையும் கூட்டிக்கொண்டு போனார். டை கட்டிய விற்பனைப் பையன் ஒருவன் வியர்க்க வியர்க்க விளக்கிக்கொண்டிருந்தான்.

“அய்யா, மைலேஜ் பாருங்க, பிக்கப் பாருங்க, செக்மெண்ட்லயே பெஸ்ட்!”

“அதெல்லாம் இருக்கட்டும் தம்பி. பின்னாடி டேங்கர் கட்டுனா எத்தனை இழுக்கும்?”

“சும்மா பறக்கும் அய்யா!”

“பறக்க வேணாம்ப்பா. இழுக்கணும். எத்தனை?”

பையன் மேலாளரைப் பார்த்தான். மேலாளர் நோட்டீசைப் பார்த்தார். பிறகு, “சார், இதுல கொக்கி கம்பெனி ஃபிட்டிங் கிடையாது. வெளில போட்டுக்கிருவாக. போட்டுட்டு எல்லாருந்தான் இழுக்குறாக” என்றார்.

“எல்லாருந்தான் சாகுறாக. அதுக்கு நோட்டீஸ் அடிக்கிறீகளா?” என்று மாமா கேட்டார். பந்தலில் இருந்த நாலு பேர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் முகம் தொங்கிப்போய் உட்கார்ந்திருந்தார்.

“ஒருத்தன் ஒண்ணைச் சொன்னா பாதியாக்கலாம் மாப்ளே. சொல்லவே மாட்டேங்குறான். இல்லாததை நான் எங்குட்டுப் பாதியாக்குறது?”

கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். முதுகில் ஏற்றலாம் என்று சிவப்பு நோட்டீசில் போட்டிருந்த எடையைப் பாதியாக்கி, அதுதான் பின்னால் இழுக்கிற எடை என்று வைத்துக்கொண்டார். அது டேங்கர் கொள்ளுகிற தண்ணீரில் பாதிக்கும் கீழே வந்தது. “முழுசா நிரப்புனாத்தான் வண்டிக்குக் கேடு. அரைகுறையா நிரப்பினா வண்டியும் பிழைக்கும், மரமும் பிழைக்கும்” என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. இவ்வளவு கழித்துப் பார்க்கிறவருக்கு ஒரு கெடுதல் வரும் என்று யார் நினைப்பார்கள்?

சிவப்புக் கம்பெனி வண்டியை எடுத்தார். எலுமிச்சம்பழம் நசுக்கி, கிழக்கே திருப்பி, மறுநாளே வெல்டிங் பட்டறையில் கொக்கி வைத்து டேங்கரை மாட்டிவிட்டார்.

கொஞ்ச நாள் ஓடியது. மாமனார் வீட்டுக்குப் போனபோது நானும் பார்த்தேன். முதுகில் தொட்டி தளும்ப, பின்னால் டேங்கர் ஆடி ஆடி வரும். அத்தை தோப்பில் ஓஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு மரத்துக்கு மரம் போவார். பாத்தியில் தண்ணீர் விழுந்ததும் தரை உர்ரென்று குடிக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அவர் பனியனோடு நின்றுகொண்டிருப்பார். தொங்கின மட்டைகளுக்கு நடுவே குருத்து மட்டும் பச்சை வைத்திருந்தது. அதைப் பார்த்தபோது எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

“வண்டி எப்படி மாமா இருக்கு?”

“இழுக்குது. ஆனா பிரேக் போட்டா பின்னாடியிருந்து எவனோ எத்துற மாதிரி இருக்கு மாப்ளே.”

அந்தப் பக்கத்தில் கல்யாண வீடுகளுக்குத் தண்ணி அடிக்கிற டேங்கர் டிராக்டர்காரர் ஒருவர் மாமா டேங்கர் ஆடி வருவதைப் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்திச் சொன்னார். நானும் பக்கத்தில் நின்றேன். “அண்ணே, நிரப்புனா கழுத்து வரைக்கும் நிரப்புங்க. உங்க வண்டி தாங்காதுன்னா சின்ன டேங்க்கா மாத்துங்க. இது உள்ளுக்குள்ள தடுப்பு இல்லாத டேங்க். பாதித் தண்ணி உள்ள ஓடும். எறக்கத்துல அது ஓடுற பக்கம்தான் உங்க வண்டியும் ஓடும். ஒரு நாளைக்குக் குப்புறக் கவுத்துப் போட்டுரும், சொல்லிட்டேன்.”

அவர் போனதும் மாமா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். “குப்புறக் கவுத்துருமாம்! நம்மகிட்ட எல்லாரும் ரெட்டிப்பாத்தானே சொல்லுவாக. லேசா ஆட்டும்னு அர்த்தம்.” ஆனாலும் சொன்னவரை அப்படியே தள்ளிவிடவும் இல்லை. மறுநாளிலிருந்து டேங்கரில் கொஞ்சம் கூடுதலாக நிரப்ப ஆரம்பித்தார். முன்னே பாதிக்குக் கீழே இருந்தது இப்போது சரிபாதியானது.

டேங்கரைக் கண்டாலே அத்தைக்கு ஆகவில்லை. ஒரு நாள் சாப்பாடு போடும்போது எனக்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டார். “அந்தச் சனியன் டேங்கரைக் கழட்டிப் போடுங்க. தொட்டித் தண்ணியை வச்சு மேலக்கோடி மரங்களைக் காப்பாத்துவோம். கீழக்கோடி போனாப் போகட்டும். பாதியாவது மிஞ்சும்.”

அவர் சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

“எந்தப் பாதிய விடச் சொல்றே? வா, வந்து கையைக் காட்டு. இந்த மரம் சாகட்டும், இந்த மரம் இருக்கட்டும்னு வரிசையாச் சொல்லிட்டு வா. நான் கேட்டுக்கிர்றேன்.”

உலகத்தில் எல்லாவற்றையும் பாதியாக்கிப் பார்த்த மனுஷருக்கு அந்தத் தோப்பைப் பாதியாக்க மனசு வரவில்லை. எனக்கு அப்போது அவர்மேல் கோபம்தான் வந்தது.

ஒரு நாள் காலை தண்ணீரோடு கண்மாய்க் கரையிலிருந்து இறங்கும்போது செம்மறி ஆடுகள் குறுக்கே வந்தன. பிரேக்கை மிதித்திருக்கிறார். டேங்கருக்குள் இருந்த தண்ணீர் மொத்தமும் முன்னால் வந்து மோதி, பக்கவாட்டில் திரும்பி, டேங்கர் வண்டியின் பின்பக்கத்தை ஒரே தள்ளாகத் தள்ளியது. ஆட்டுக்காரர் கண்ணால் பார்த்ததைச் சொன்னார். வண்டியும் டேங்கரும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு கண்மாய்க்குள் புரண்டன. ஆடுகளுக்கு ஒன்றுமில்லை. அவருக்கு இடுப்பெலும்பும் ஒரு காலும் முறிந்துவிட்டன. கொட்டிய தண்ணீரைக் கண்மாய் வெடிப்புகள் குடித்துவிட்டன. அந்த வருடம் அந்தக் கண்மாய்க்கு வந்த தண்ணீர் அவ்வளவுதான்.

சிவகங்கை பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அறுவை, அப்புறம் இன்னொரு அறுவை. அத்தை அங்கேயே கிடந்தார். மகள் திருப்பூரிலிருந்து வருவதும் போவதுமாக இருந்தாள். தோப்புக்குத் தண்ணீர் கொண்டுபோக ஆளில்லை, வண்டியில்லை. நானும் மச்சான்களும் வாடகை டேங்கருக்கு அலைந்தோம். தண்ணீருக்கு ஊரே அலைந்த நேரம் அது. கிடைத்தது ஒன்றிரண்டு நடை. அது எந்த மூலைக்குக் காணும்?

தென்னை ஒரே நாளில் சாகாது. ஒவ்வொரு மட்டையாகக் கீழே தொங்கி, குருத்து சாய்ந்து, ஒருநாள் கொண்டை அப்படியே ஒடிந்து விழும். நான் போய்ப் பார்த்தபோது பாதி மரம் மொட்டையாக நின்றது. மீதிப் பாதியும் தொட்டால் விழுகிற நிலையில் இருந்தது. செங்கல் சூளைக்காரர்கள் வந்து வெட்டத் தொடங்கியிருந்தார்கள். விட்டால் அடுப்புக்கும் ஆகாது என்று அத்தைதான் சரி சொல்லியிருந்தார். தனியாக முடிவெடுத்து, தனியாகத் தலையாட்டியிருக்கிறார். ரம்பச் சத்தத்தில் நிற்க முடியாமல் நான் பஸ் ஏறி நேரே சிவகங்கைக்குப் போய்விட்டேன்.

வார்டு வாசலிலேயே அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“மாப்ளே, தோப்பைப் பார்த்துட்டுத்தானே வாரீக?”

“ஆமா அத்தை.”

“உங்களைத்தான் கேப்பாக. நான் சொன்னா என் மூஞ்சியைப் பார்த்தே கண்டுபிடிச்சிருவாக. ஒரு மரங்கூடப் போகலைன்னு சொல்லிருங்க.”

“எப்படி அத்தை? அங்க...”

“அவுகதான் பாதி கழிச்சுக்கிருவாகளே. எல்லாம் நல்லாருக்குன்னு சொன்னா, பாதி போயிருச்சுன்னு எடுத்துக்கிருவாக. முதல்ல பாதியைத் தாங்கட்டும். மீதியை நான் பையப் பையச் சொல்லிக்கிர்றேன். முழுசாக் கேட்டா அந்த உசுரு நிக்காது மாப்ளே.”

யோசிக்க யோசிக்க அது சரியாகத்தான் பட்டது. அவரோடு பழகின யாருக்கும் சரியாகத்தான் பட்டிருக்கும்.

கட்டிலில் அவர் பாதியாக இளைத்துக் கிடந்தார். என்னைக் கண்டதும் தலையைத் தூக்கப் பார்த்தார். வலி, முடியவில்லை.

“தோப்பு?”

“நல்லாருக்கு மாமா.”

“மேலக்கோடியா?”

“எல்லாந்தான். மேலக்கோடி, கீழக்கோடி எல்லாம். ஒரு மரம் போகலை. மச்சான்க வாடகை டேங்கர் வச்சு ஊத்துறாக.”

வழக்கமான அந்தச் சிரிப்புக்காகக் காத்திருந்தேன். ‘பாதியாவது இருக்குல்ல மாப்ளே’ என்று சொல்லுவார், சொன்னால் நான் தலையாட்டிவிடலாம் என்று நின்றேன். அவர் சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து வழிந்து காதுக்குள் இறங்கியதைத் துடைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

“ஒண்ணுகூடப் போகலையா! நான் எல்லாம் போயிருச்சுன்னுல்ல கிடந்தேன். கேட்டியாடி? ஒண்ணுகூடப் போகலையாம்!” என்று அத்தையின் கையைத் தேடிப் பிடித்தார். “டாக்டர்ட்டச் சொல்லு. வீட்டுக்கு வேணாம், என்னை நேரா தோப்புக்குக் கொண்டுபோங்க. அங்கயே ஒரு கட்டிலைப் போட்டுருங்க. மரத்தைப் பார்த்துக்கிட்டே எந்திரிச்சிருவேன்.”

அத்தை தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். மாத்திரை வாங்கி வருவதாகச் சொல்லி வெளியே வந்தார். நானும் பின்னாலேயே வந்தேன். சுவரில் சாய்ந்து நின்றார், முந்தானையை வாயில் அமுக்கிக்கொண்டிருந்தார்.

“கட்டுன நாள்ல இருந்து நான் சொன்ன ஒரு வார்த்தையை அவுக முழுசா நம்புனதில்லை மாப்ளே. இன்னைக்குன்னு பார்த்து ஏன் நம்புனாக?”

உள்ளேயிருந்து அவர் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. பக்கத்துக் கட்டில்காரருக்குக் கேட்கும்படி, தெம்பாக, பழைய குரலில்.

“ஏய், எங்குட்டுப் போனே? கீழக்கோடிக்கு இன்னைக்குத் தண்ணி பாஞ்சுச்சான்னு போன் போட்டுக் கேளு.”

அத்தை முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

“கேட்டுட்டேங்க” என்றார். “பாஞ்சிருச்சாம்.”